வேர் ஆரஞ்சு, நுனி கறுப்பு, ஞாயிறு கூட்டம்

வழிபாட்டுக் கூட்டங்கள் அடுத்தடுத்து வரும் மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி "அக்கா, அவசரம்" என்றுதான் தொடங்கும். முகூர்த்த நேரத்துக் கடிதங்களைவிட இவற்றில் பதற்றம் அதிகம். கல்யாண வீட்டில் தலைமுடிக்கு அடித்த நிறம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆயிரம் பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் பின்வரிசைக்காரர் கண்ணில் முதலில் படுவது நம் உச்சந்தலைதான். இங்கே அச்சாகும் கேள்விகளில் அவசரமானவற்றுக்கு அன்றன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கண்ணாடி முன் நிற்கப் போகிறவர்களுக்காக இப்போது இவை பக்கத்துக்கு வருகின்றன.

கேள்வி: அக்கா, வரும் ஞாயிறு காலை எங்கள் வழிபாட்டுக் குழுவின் ஆண்டுக் கூட்டம். மேடையில் நின்று புனித நூலிலிருந்து வாசிக்கும் பொறுப்பு எனக்கு. பல வருடங்களாக வீட்டிலேயே கறுப்பு டை அடித்து வருகிறேன். இந்த முறை முகத்துக்கு அவ்வளவு கறுப்பு வேண்டாம், கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்று தேன் பழுப்பு நிறம் ஒன்றை வாங்கி நேற்றிரவு போட்டேன். நுனியில் நிறம் மாறவே இல்லை. அதனால் அரை மணி நேரம் என்று போட்டிருந்ததை முக்கால் மணி நேரம் வைத்தேன். அலசிப் பார்த்தால் வகிட்டை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குப் பளீரென்று ஆரஞ்சு. அதற்குக் கீழே எப்போதும் போலக் கறுப்பு. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்த்தேன். நெற்றி எரிகிறதே தவிர நிறம் அசையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "முழுசாக பிளீச் பண்ணி ஒரே நிறமாக்கிடலாம்" என்கிறார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கிற பார்வையே போதும். கறுப்பு டை ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். இன்றிரவே போட்டுவிடட்டுமா? புகைப்படம் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், ப்ளீஸ்

பதில்: போடாதீர்கள். அந்தப் பெட்டி அலமாரியிலேயே இருக்கட்டும். பிளீச் யோசனை பக்கத்து வீட்டிலேயே இருக்கட்டும். புதன் இரவு எழுதியிருக்கிறீர்கள், வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று முழு நாள் கையில் இருக்கிறது. ஒருமுறை சரிசெய்ய அது தாராளம். இன்னொருமுறை சொதப்பிவிட்டு அதையும் சரிசெய்ய அது போதாது. அதனால் இனி உங்கள் தலையில் ரசாயனம் படுவது ஒரே ஒரு தடவைதான் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்ன நடந்தது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். பெட்டியில் வரும் நிரந்தர டை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. அதில் உள்ள அமோனியா முடியின் மேல் செதில்களைத் திறந்துவிடும். அதோடு கலக்கத் தரும் டெவலப்பர் என்ற திரவத்தில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் உங்கள் இயற்கை நிறமியான மெலனினைக் கொஞ்சம் அழிக்கும், கூடவே டையின் சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கி உள்ளேயே தங்கவைக்கும். உங்கள் வேர்ப் பகுதி புதிதாக வளர்ந்த முடி. அங்கே பெராக்சைடுக்கு அழிக்க மெலனின் இருந்தது, அழித்தது. கருமுடியை வெளிர வைத்தால் நேராக மஞ்சளுக்கோ பழுப்புக்கோ போகாது. முதலில் சிவப்பு, அப்புறம் செம்மை கலந்த ஆரஞ்சு, பிறகு ஆரஞ்சு, அதற்கும் பிறகுதான் மஞ்சள். நீங்கள் அந்த வழியில் பாதியில் இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

நுனி ஏன் அசையவில்லை? அங்கே இருப்பது வருடக்கணக்காகச் சேர்ந்த செயற்கைக் கறுப்பு. ஒரு டை இன்னொரு டையை வெளிர வைக்காது. கறுப்புத் துணியை மஞ்சள் சாயத்தில் எத்தனை மணி நேரம் முக்கினாலும் மஞ்சளாகுமா? நுனி மாறட்டும் என்று நீங்கள் கூடுதலாக வைத்திருந்த கால் மணி நேரமும் வேருக்குத்தான் போனது. தலைத்தோலின் சூடு வேறு இருக்கிறது. தோலை ஒட்டிய ஒரு சென்டிமீட்டரில் டை எப்போதும் வேகமாக வேலை செய்யும். எங்கள் தொழிலில் இதை 'ஹாட் ரூட்' என்போம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வகிட்டில் இரண்டு விதமான முடி தெரிகிறது. கறுப்பாக இருந்தவை செம்பு நிறமாகியிருக்கின்றன. நரைத்திருந்தவை வைக்கோல் மஞ்சளாகப் பளபளக்கின்றன. நரையில் மெலனின் இல்லை, ஆகவே பெட்டியில் இருந்த தேன் நிறம் அப்படியே தெரிகிறது. காதோரத்தில் ஆரஞ்சு குறைவு. அங்கே கடைசியாகத் தடவியிருப்பீர்கள். பின்கழுத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆக, சரிசெய்ய வேண்டியது வகிடும் நெற்றியோரமும் மட்டும்தான். "தலையே போச்சு" என்று நினைத்திருப்பீர்கள். போகவில்லை.

பக்கத்து வீட்டு யோசனை ஏன் கூடாது என்றால், பல வருடக் கறுப்பு டை பிளீச்சுக்கு ஒரே சீராகக் கழன்று வராது. ஓர் இடத்தில் செங்கல் சிவப்பு, இன்னோர் இடத்தில் ஆரஞ்சு, நுனியில் அழுத்தமான பழுப்பு என்று திட்டுத்திட்டாக நிற்கும். முடியும் தளர்ந்துவிடும். இப்போது உங்களுக்கு இரண்டு நிறம்தான், அப்புறம் ஐந்தாகிவிடும். சலூனில் அனுபவமுள்ளவர்கள் செய்தாலும் இது பல அமர்வு வேலை. கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில் நானே தொட மாட்டேன்.

கறுப்புப் பெட்டி ஏன் வேண்டாம்? நேற்று பெராக்சைடு பட்ட வேர் இப்போது பஞ்சாக இருக்கிறது, எதைப் போட்டாலும் உறிஞ்சிவிடும். நிரந்தரக் கறுப்பைப் போட்டால் நீலம் ஓடும் அளவுக்குக் கறுத்துவிடும், நெற்றி எல்லை கோடு போட்டதுபோல் தெரியும். மேடை விளக்கில் அது ஆரஞ்சைவிட மோசம். கறுப்பை எடுப்பதைவிட ஆரஞ்சை மறைப்பது ஆயிரம் மடங்கு சுலபம்.

சரி, செய்ய வேண்டியது. 'டெமி-பெர்மனன்ட்' அல்லது 'அமோனியா இல்லாத டோன்-ஆன்-டோன்' என்று போட்டிருக்கும் வகையில் அடர் பழுப்பு ஒன்று வாங்குங்கள். அதன் டெவலப்பரில் பெராக்சைடு 3 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். 6 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவை மறுபடி வேரை வெளிர வைக்கும். பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பது அடர்த்தி. 1 என்றால் கறுப்பு, எண் கூடக் கூட வெளிர் நிறம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல். .0 என்றால் தனிச்சாயல் இல்லாத இயல்பு நிறம். பெரும்பாலான நிறுவனங்களில் .1 என்றால் 'ஆஷ்', அதாவது நீலம் கலந்த சாம்பல் சாயல். ஆரஞ்சை அடக்கும் நிறம் நீலம். ஆனால் உங்களுக்கு நரையும் இருக்கிறது, வெறும் ஆஷ் போட்டால் அந்த நரை மட்டும் மங்கலாக, லேசான பச்சையாகத் தெரியலாம். ஆகவே 4.0, 4.1 இரண்டையும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள், இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் 4.0. பெயரில் தேன், செம்பு, தங்கம், மகாகனி என்று எது இருந்தாலும் கடையிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

வியாழன் காலையிலேயே வாங்கி, அதை ஒரு சொட்டு, பெட்டித்தாளில் சொன்ன முறைப்படி, காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவிப் பாருங்கள். 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். "இத்தனை வருடம் டை அடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று இதைத் தாண்டாதீர்கள். ஒவ்வாமை எந்த வருடம் வேண்டுமானாலும் தொடங்கும். அந்த 48 மணி நேரம் நெற்றி எரிச்சல் ஆறவும் பயன்படும். எலுமிச்சையும் சோடாவும் இனி வேண்டாம். ஒன்று அமிலம், ஒன்று காரம், கலந்தால் நுரைக்கும், அதைத் தாண்டி டைக்கு ஒன்றும் செய்யாது. தோலுக்குத்தான் செய்யும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிவிட்டு விடுங்கள்.

சனி காலை, தோல் அமைதியாக இருந்தால், ஆரஞ்சு இருக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். உலோகக் கிண்ணம் வேண்டாம், பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ போதும். நெற்றி ஓரத்தில் வாஸ்லின் ஒரு கோடு. சிறு தூரிகையால் காலங்குலத் தடிமனில் முடியைப் பிரித்துப் பிரித்து, ஆரஞ்சு அதிகம் உள்ள வகிட்டில் தொடங்கிக் காதோரத்தில் முடியுங்கள். நுனி வரை சீப்பால் இழுக்காதீர்கள், அங்கே வேலையே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையை ஈர டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாம் ஒரு படி கறுப்பாகத்தான் தெரியும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 20 நிமிடம் என்றிருந்தாலும் உங்கள் முடி 10, 12 நிமிடத்திலேயே பிடித்துவிடலாம். ஆரஞ்சு மறைந்து காப்பிக் கொட்டை நிறம் வந்ததும் அலசிவிடுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே நின்று முடிவு செய்யாதீர்கள், சன்னலோரம் போய்ப் பாருங்கள்.

வேர் அடர் பழுப்பு, நுனி கறுப்பு என்று லேசான வித்தியாசம் இருக்கும். அது மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியலாம், அதற்கு டெமி-பெர்மனன்டில் வழியில்லை. அலச அலச இந்தப் பழுப்பு வெளுத்து, சில வாரத்தில் ஆரஞ்சு எட்டிப்பார்க்கும். அப்போது இதையே மறுபடி செய்யலாம்.

சனிக்கிழமையும் தலைத்தோல் எரிந்தாலோ, தடவிப் பார்த்த இடம் சிவந்தாலோ டை வேண்டவே வேண்டாம். வேரை மறைக்கும் பவுடரோ ஸ்ப்ரேயோ போதும். வகிட்டை நேராக எடுக்காமல் சீப்பின் நுனியால் வளைத்து வளைத்து எடுங்கள். ஆரஞ்சு தொடர்ச்சியாகத் தெரிந்தால்தான் கண்ணை உறுத்தும், உடைத்துவிட்டால் பாதி மறைந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இவையெல்லாம் தண்ணீர் பட்டால் ஓடும், வெள்ளைத் துணியில் ஒட்டும். வெள்ளை உடுத்துவதாக இருந்தால் உடையை மாற்றுவதற்கு முன்பே ஸ்ப்ரே அடித்து, நன்றாகக் காயவிட்டு, விரலால் தொட்டுப் பாருங்கள். தலையில் துணி போட்டுக்கொள்ளும் வழக்கம் என்றால் முன்நெற்றியில் இரண்டு விரல் அளவு மட்டும் பவுடர் போதும். வழிபாட்டில் தலையில் நீர் தெளிப்பார்கள் என்றால் ஸ்ப்ரேயைவிடப் பவுடர் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கைக்குட்டை கையில் இருக்கட்டும்.

கேள்வி: மேடம், நாளை மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் முன்வரிசை. தலைக்கும் மீசைக்கும் கறுப்பு டை போட்டேன். நெற்றி, காதுமடல், மேலுதடு எல்லாம் கறுப்பு. முடியும் எனக்கே அந்நியமாக இருக்கிறது. மகள் பார்த்ததும் சிரித்துவிட்டாள். நிறத்தைக் கொஞ்சம் இறக்க வழி உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: தோலில் இருப்பது பெரிய விஷயமில்லை ஐயா. மேல்தோல் தானாக உதிரும்போது சில நாளில் போய்விடும். உங்களிடம் சில நாள் இல்லை என்பதால், தேங்காய் எண்ணெயோ மேக்கப் கலைக்கும் எண்ணெயோ பஞ்சில் நனைத்து, கறை மேல் ஐந்து நிமிடம் வைத்திருந்து, பிறகு வட்டமாகத் துடையுங்கள். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. வீடு துடைக்கும் பிளீச்சை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், மணற்கல்லால் தேய்ப்பது போன்ற வீரமும் வேண்டாம். தோல் சிவந்துவிட்டால் கறுப்புக்குப் பதில் சிவப்புக் கறையோடு முன்வரிசையில் உட்கார வேண்டியிருக்கும்.

முடிக்கு, 'கிளாரிஃபையிங்' என்று போட்ட ஷாம்பூவோ பொடுகு ஷாம்பூவோ எடுத்து, நுரை வந்தபின் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். இன்று இரண்டு தடவை, நாளை இரண்டு தடவை. புதிதாகப் போட்ட டையில் உள்ளே சரியாகத் தங்காதது முதல் சில அலசலில்தான் வெளியேறும். பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள், அந்த மைப்பளபளப்பு மட்டும் அடங்கும். அது அடங்கினாலே வயது திரும்பி வந்துவிடும்.

'கலர் ரிமூவர்' என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். டை மூலக்கூறுகளை மறுபடி சிறிதாக்கி வெளியேற்றும் வகை அது. வேலை செய்யும். ஆனால் கந்தக வாசனை இரண்டு மூன்று நாள் தலையை விட்டுப் போகாது, நிறைய நேரம் அலச வேண்டும். அலசியது போதவில்லை என்றால் உள்ளே மிச்சமிருப்பவை காற்றுப் பட்டு மறுபடி கறுக்கும். முன்வரிசைக்கு இரண்டு நாள் முன்னால் அதைத் தொடாதீர்கள். அடுத்த முறைக்கு 1 அல்லது 2 எண்ணை விட்டு 3 அல்லது 4 எண்ணுக்கு வாருங்கள். மீசை முடிக்குத் தலையைவிடப் பாதி நேரம் போதும். புருவத்துக்கும் சேர்த்துப் போடலாமே என்று தோன்றினால் வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கும்.

கேள்வி: நேற்று காலை டை போட்டேன். இன்று தலை அரிக்கிறது, காதுக்குப் பின்னால் நீர் வடிகிறது, கண் இமை வீங்கியிருக்கிறது. 'அமோனியா இல்லை, புதிய தொழில்நுட்பம்' என்றுதான் போட்டிருந்தது. நாளை மறுநாள் கூட்டத்தில் பாட்டுக் குழுவில் இருக்கிறேன். அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாமா?

பதில்: இதற்கு நான் ஆளில்லை. இன்றே தோல் மருத்துவரிடம் போங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், அவசரப் பிரிவுக்கு. (இந்த வாசகிக்கு எழுத்தில் பதில் அனுப்பாமல் தொலைபேசியிலேயே பேசினேன். மருத்துவரிடம் போயிருக்கிறார்.)

மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு. அமோனியா இல்லை என்றால் ஒவ்வாமை வராது என்று பலர் நம்புகிறார்கள். அமோனியா மூக்கை எரிக்கும், அவ்வளவுதான். இந்த மாதிரி வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது பாரா-ஃபீனைலீன்டையமின், சுருக்கமாக பிபிடி. புதிய தொழில்நுட்பம் என்று எழுதியிருக்கும் பெட்டிக்குள்ளும் பல நேரம் வேலை செய்வது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே புழக்கத்தில் இருக்கிற அந்தப் பழைய ஆசாமிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் தடவும் கலவையில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி. ஒவ்வாமை வந்துவிட்டவருக்கு அந்த இரண்டும் அதிகம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே இருக்கும், ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் கடுமையாகலாம். பென்சோகெயின் போன்ற சில மரத்துப்போக வைக்கும் மருந்துகளும் இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆகவே பல் மருத்துவரிடமும் சொல்லிவைப்பது நல்லது. 'கறுப்பு மருதாணி' என்று கையில் வரைகிறார்களே, அதில் கறுப்பைத் தருவது பல நேரம் இதே பிபிடிதான். சின்ன வயதில் அது போட்டுக் கொப்புளம் வந்த நினைவு இருந்தால் தலையில் டையே வேண்டாம்.

கேள்வி: அக்கா, வருடக்கணக்காக மருதாணிப் பொடி போடுகிறேன். இந்தக் கூட்டத்துக்கு முதல்முறையாக டை போடலாம் என்றிருக்கிறேன். மருதாணி மேல் டை பிடிக்காது, முடி வெந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: என்ன மருதாணி என்பதைப் பொறுத்தது. வெறும் இலையை அரைத்த பொடி என்றால் பயமில்லை. அதிலுள்ள லாசோன் என்ற நிறமி முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் டை பிடிக்கும், கொஞ்சம் செம்மை கலந்து வரும். சிக்கல் எங்கே என்றால், 'பழுப்பு மருதாணி', 'பத்தே நிமிடத்தில் கறுக்கும் மருதாணி' என்று வரும் பொடிகளில் சிலவற்றில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். சுத்தமான இலை பத்து நிமிடத்தில் யாரையும் கறுப்பாக்காது. அந்த உலோகத்தின் மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடாகும், புகையும், கையோடு வரும். வெந்துவிடும் என்று உங்களிடம் சொன்னவர் இதைப் பார்த்திருப்பார்.

கண்டுபிடிக்க ஒரு வழி. சீப்பில் வரும் முடியைச் சேர்த்து நூலால் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது பின்கழுத்தில் தெரியாத இடத்தில் ஒரு சின்னக் கற்றையை வெட்டிக்கொள்ளுங்கள். போடப் போகும் அதே டையை டெவலப்பரோடு ஒரு ஸ்பூன் கலந்து, பிளாஸ்டிக் மூடியில் ஊற்றி, கற்றையை அதில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். கொதிப்பதுபோல் குமிழ் வந்தாலோ, கிண்ணம் சூடானாலோ, ஒரு மாதிரி நாறினாலோ, கற்றை இழுத்தால் சவ்வாக நீண்டாலோ டையை மறந்துவிடுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அலசிக் காயவைத்து நிறத்தைப் பாருங்கள், தலையிலும் ஏறக்குறைய அதுதான் வரும். எனக்கு வரும் புகார்க் கடிதங்களில் முக்கால்வாசி இந்த ஒரு கற்றையை வெட்டியிருந்தால் வந்தே இருக்காது.

அவுரி கலந்து போட்டவர்கள் மட்டும் வெளிர் நிறத்துக்குப் போகாதீர்கள், பிளீச் பட்டால் பச்சையாகும். அதே நிறமோ இன்னும் கறுப்போ என்றால் சரி.

கேள்வி: கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் டை போட்டால் நல்லது?

பதில்: ஒரு வாரம் முன்னால். தோல் கறை போயிருக்கும், இரண்டு மூன்று தடவை அலசி நிறம் அடங்கியிருக்கும், வேரும் தலைகாட்டியிருக்காது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஒரு வாரத்தில் கால் சென்டிமீட்டர் அளவுதான். தவிர, சொதப்பினால் எனக்கு எழுதுவதற்கும் நேரம் இருக்கும்.

கேள்வி: நிறம் போட்ட தலையோடு புனிதமான இடத்துக்குப் போவது சரியா, தவறா? உங்கள் கருத்து என்ன?

பதில்: அதை உங்கள் பெரியவர்களிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது முடி மட்டும்தான்.

கேள்வி: அம்மாவுக்கு முழு நரை. மஞ்சளடித்திருக்கிறது என்று ஊதா ஷாம்பூ வாங்கிக் கொடுத்தேன். கூட்டத்துக்குப் பளிச்சென்று போகலாம் என்று அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டார். இப்போது தலை முழுக்க இளம் ஊதா. கூட்டம் நாளைக்கு!

பதில்: ஊதா மஞ்சளை அடக்கும், அதற்கு மூன்று நிமிடம் போதும். வெள்ளை முடிக்கு ஊறவைத்தால் அடக்க மஞ்சள் இல்லாமல் ஊதாவே மேலே நிற்கும். இது முடியின் வெளிப்புறத்தில் தங்கும் நிறம், பெராக்சைடு இல்லை, பயமில்லை. இன்று சாதாரண ஷாம்பூவால் இரண்டு தடவை, நாளைக் காலை ஒரு தடவை அலசுங்கள். பெரும்பகுதி இறங்கிவிடும். மேலே எதையும் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், முக்கியமாக மஞ்சள் சாயலுள்ள எதையும். அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்குப் பிடித்திருக்கிறதோ என்னவோ.

கேள்வி: கலக்கிய டை பாதி மிஞ்சிவிட்டது. பாட்டிலில் இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அப்பாவுக்குப் போடலாமா?

பதில்: முதலில் போய் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டு வாருங்கள். கலந்த டையிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும், இறுக்கி மூடினால் பாட்டில் வெடிக்கும். கலந்த அரை மணி, முக்கால் மணிக்குப் பிறகு அதில் நிறம் பிடிக்கும் சக்தியும் இருக்காது. அப்பாவுக்குப் புதுப் பெட்டி வாங்குங்கள். கலக்கும்போது பாதிப் பாதியாகக் கலந்தால், கலக்காமல் மிச்சம் வைத்த டை டியூபையும் டெவலப்பரையும் தனித்தனியாக மூடி வைத்து இன்னொரு தடவைக்கு எடுத்துக்கொள்ளலாம்.